முன்சக்கரத்துக்கு ஒரு தொட்டில்: வீட்டில் பைக்கை வீல் சாக்கில் நிறுத்துவது எப்படி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைச்சாலையில் லாரி ஒன்று மூச்சு வாங்கி நின்றால், ஓட்டுநர் இறங்குவதற்கு முன்பே கிளீனர் குதித்துவிடுவார். கையில் ஒரு மரக்கட்டை இருக்கும். பின்சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகி, காலால் ஓர் உதை விடுவார். கட்டை இல்லையென்றால் சாலையோரக் கல். கடையில் வீல் சாக் என்று விற்பதும் அடிப்படையில் அந்தக் கட்டைதான். லாரி உருளாமல் இருந்தால் போதும். பைக்கோ உருளவும் கூடாது, சாயவும் கூடாது. அதனால் பைக்குக்கான சாக், முன்சக்கரத்தைத் தடுப்பதோடு விடாமல் கவ்வியும் பிடித்துக்கொள்கிறது.

எனக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டி பஜாஜ் டோமினார் 400. எடை 193 கிலோ, சென்டர் ஸ்டாண்டு கிடையாது. எங்கள் போர்டிகோவில் கழுவிய தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கொத்தனார் கேட்டை நோக்கித் தாராளமாகவே வாட்டம் கொடுத்திருக்கிறார். ஒரு மாலை, அவசரத்தில் வண்டியைக் கேட்டைப் பார்த்தபடி நியூட்ரலில் விட்டு, சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வெளியே இரும்பு விழும் சத்தம். சைடு ஸ்டாண்டு பின்பக்கமாக மடங்கும் அமைப்பு. வண்டி முன்னால் நாலு விரற்கடை உருண்டாலே தரை அதைப் பின்னுக்குத் தள்ளி மடக்கிவிடும். கிளட்ச் லீவர் முறிந்திருந்தது, இடது இண்டிகேட்டர் நொறுங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் என் மகளின் சைக்கிள். சைக்கிளில் மகள் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்த பிறகுதான் வண்டியைத் தூக்கினேன்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

சென்டர் ஸ்டாண்டு உள்ள நூறு, நூற்றைம்பது சிசி வண்டிக்கு இது வேண்டாம். ஸ்கூட்டருக்கும் வேண்டாம், 10 அல்லது 12 அங்குலச் சக்கரம் பெரும்பாலான சாக்குகளில் சரியாக உட்காரவே உட்காராது. கேடிஎம் டியூக், டோமினார் போல சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி, சென்டர் ஸ்டாண்டு இருந்தும் தூக்கிப் போடத் தெம்பில்லாத கனமான வண்டி, சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் பக்கத்துக் காரின் கதவு திறக்காத அளவுக்கு ஒடுங்கிய இடம், வீட்டிலேயே வண்டியைத் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் போடும் பழக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மேலே படியுங்கள்.

அது எப்படிப் பிடிக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் வாங்கிய மாதமே அதை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். சாக்கில் மூன்று பாகங்கள். தரையில் கிடக்கும் அடிச்சட்டம் ஒன்று. அதன் முன்முனையில் நிமிர்ந்து நிற்கும் முன்வளையம்; கவிழ்த்த யு போல வளைத்த இரும்புக் குழாய், சக்கரம் போய் முட்டுவது இதில்தான். இவை இரண்டுக்கும் நடுவே ஓர் அச்சில் முன்னும் பின்னும் ஆடும் தொட்டில்.

வண்டி இல்லாதபோது தொட்டில் பின்பக்கம் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருக்கும். சக்கரம் அதன் பின் உதட்டின் மேல் ஏறி, அச்சைத் தாண்டி முன்னால் உருண்டதும் எடை முன்பக்கம் மாறுகிறது. சீசா பலகையில் எதிர்முனையில் கனமான ஆள் உட்கார்ந்தாற்போல் தொட்டில் முன்னால் கவிழ்கிறது. அப்போது அதன் பின் உதடு மேலே எழும்பி, டயரின் பின்பக்கத்தை அணைத்துக்கொள்கிறது. முன்னால் வளையம், பின்னால் தொட்டிலின் உதடு, நடுவில் சக்கரம். தாழ்ப்பாள் இல்லை, ஸ்பிரிங் இல்லை. வண்டியின் எடையே பூட்டு. வெளியே எடுக்க, அந்த எடையை அச்சுக்குப் பின்னால் கொண்டுவந்தால் போதும், தொட்டில் தானாக வாயைத் திறந்துவிடும்.

கிரில் பட்டறையில் சொன்னால் இரண்டு குழாய்களை இணையாக நிறுத்தி, நடுவில் சக்கரத்தைச் செருகும்படி ஒன்றைச் செய்து கொடுப்பார்கள், பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி. நானும் முதலில் சிக்கனம் பார்த்து அதைத்தான் செய்தேன். வண்டி லேசாகச் சாய்ந்ததும் மொத்தப் பாரமும் ரிம்மின் ஓரத்தில் விழுந்தது. ரிம்மில் பெயின்ட் போயிற்று. பிரேக் டிஸ்க்கில் குழாய் உரசிய கோடு இன்னும் இருக்கிறது. ஆடும் தொட்டில் இல்லாத எதையும் சாக் என்று நம்பி 190 கிலோவை விடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் டயரைப் படியுங்கள்

முன் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். என் வண்டியில் 110/70-17. அதாவது அகலம் 110 மி.மீ., டயரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். கணக்குப் போட்டால் சக்கரத்தின் முழு விட்டம் ஏறக்குறைய 586 மி.மீ. வரும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியில் முன் டயர் 100/90-19. அது 663 மி.மீ. ஹிமாலயனின் 90/90-21 டயர் 695 மி.மீ. ஒரே தெருவில் நிற்கும் மூன்று வண்டிகளுக்குள் 11 செ.மீ. வித்தியாசம். முன்வளையத்தை முன்னும் பின்னும் நகர்த்தி மாட்டுவதற்காகச் சாக்கின் அடிச்சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இருப்பது இதற்காகத்தான். துளையே இல்லாமல் ஒரே அளவில் வரும் சாக் உங்கள் வண்டிக்கென்றே செய்ததாக இருந்தாலொழிய வாங்க வேண்டாம்.

பொதுவாகக் கிடைப்பவை 17 முதல் 21 அங்குலம் வரையிலான சக்கரங்களுக்குப் பொருந்தும். அகலத்தையும் பாருங்கள். தொட்டில் அகலமாகவும் டயர் ஒல்லியாகவும் இருந்தால், பிடித்த பிறகும் வண்டி தள்ளாடும். ஹிமாலயன் போன்ற ஒல்லி டயர்க்காரர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்தது மட்கார்டு. கடைக்குப் போகுமுன் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சில வண்டிகளின் முன் மட்கார்டு பின்பக்கம் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும், பழைய பாணி வண்டிகளில் இன்னும் கூடுதலாக. தொட்டிலின் உதடு எழும்பும்போது அது மட்கார்டின் நுனியில் இடித்தால், தினமும் ஒரு கீறல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மட்கார்டின் கீழ்நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் டயருக்கு வெளியே எவ்வளவு பிதுங்குகின்றன, ஏபிஎஸ் ஒயர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்வளையமும் தொட்டிலும் தொட வேண்டியது டயரை மட்டும்தான்.

இடம் பார்ப்பது

ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வையுங்கள். அது ஓடும் திசைதான் வாட்டம். ரசமட்டம் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கோலி போதும்.

வாட்டம் கேட்டை நோக்கி இருந்தால் சாக்கை உள்சுவர் பக்கம் வைத்து, வண்டியின் முகம் வீட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். உள்ளே ஏற்றும்போது கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும். எஞ்சின் உதவி இருப்பதால் அது பெரிய விஷயமில்லை. காலையில் வெளியே இழுக்கும்போது சரிவு நம் பக்கம் இருக்கும். தலைகீழாக வைத்தால், பின்னால் மேட்டை நோக்கி இருநூறு கிலோவைக் காலால் உந்த வேண்டும். பைக்கில் ரிவர்ஸ் கியர் கிடையாது என்பது இந்த நேரத்தில்தான் நன்றாக உறைக்கும். என் நண்பர் ஒருவர் அப்படி வைத்துவிட்டு, தினமும் காலையில் பால்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வாட்டம் பக்கவாட்டில் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது சாக்குக்குக் கீழே போடும் பலகைக்கு (அதைப் பின்னால் சொல்கிறேன்) அடியில் ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து மட்டம் பண்ணுங்கள். குறுக்குச் சரிவில் சாக் நிற்கும். ஆனால் எப்போதும் ஒரு பக்கம் பாரம் தாங்கிக்கொண்டே நிற்கும்.

வண்டியின் இடது பக்கம் நீங்கள் ஏறி இறங்க இரண்டடி விடுங்கள். வலது பக்கத்துக்கு நான் சொல்வது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். ஹேண்டில்பாருக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு, வலது பக்கம் சுவர் இருக்கும்படி வையுங்கள். இடது பக்கம் சாய்ந்தால் சைடு ஸ்டாண்டு தாங்கும். வலது பக்கம் தாங்க எதுவும் இல்லை. அங்கே குழந்தையின் சைக்கிளோ, காஸ் சிலிண்டரோ, துளசி மாடமோ இருக்கக் கூடாது.

தரையோடு பிணைப்பது

சாக்கைச் சும்மா டைல்ஸ் மேல் வைத்துவிட்டு வண்டியை ஏற்றினால், முதல் தள்ளலிலேயே அது சுவர் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். வண்டியும் பின்தொடரும். அகலமான கால்களும் ரப்பர் பாதமும் உள்ள சாக்குகள் சொரசொரப்பான சிமென்ட் தரையில் நிற்கும். ஈரமான டைல்ஸில் நான் நம்பமாட்டேன்.

தரையில் துளையிட்டு ஆங்கர் போல்ட் அடிப்பது ஒரு வழி. சொந்த வீடாக, கீழ்த்தளமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். டைல்ஸுக்கு அடியில் கலவைப் படுக்கை இருக்கும். அது போல்ட்டைப் பிடிக்காது. அதையும் தாண்டிக் கீழேயுள்ள கான்கிரீட்டைப் போல்ட் எட்ட வேண்டும். துளையிடும் இடத்தை முதலில் விரலால் தட்டிப் பாருங்கள். டைல் உள்ளே பொள்ளென்று ஒலித்தால் அந்த இடம் வேண்டாம். டைல் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, டிரில்லை முதலில் சுத்தியல் இயக்கம் இல்லாமல் மெதுவாக இறக்குங்கள். டைல் துளைந்த பிறகுதான் சுத்தியல் இயக்கம். அவசரப்பட்டால் டைல் நட்சத்திரமாக விரியும்.

அடுக்குமாடியில், தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துபவர்கள் அந்தத் தரை எல்லோருக்கும் பொது என்பதை மறக்க வேண்டாம். சங்கத்தில் கேட்காமல் துளையிட்டால், அடுத்த கூட்டத்தில் தண்ணீர்க் கட்டணத்துக்கு முன்பே உங்கள் பெயர் வந்துவிடும்.

நான் செய்தது பலகை. வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதையே சொல்வேன். பிளைவுட் 8 அடிக்கு 4 அடி தாளாகக் கிடைக்கும். 18 மி.மீ. தடிமனில், மழைச்சாரல் படும் இடமென்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டாக வாங்கி, நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். 8 அடிக்கு 2 அடியாக இரண்டு பலகைகள் வரும். எனக்கு ஒன்று, மைத்துனருக்கு ஒன்று.

ஏன் 8 அடி? என் வண்டியின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரம் 1453 மி.மீ. சாக்கைப் பலகையின் முன்முனையில் பொருத்தினால், பின்சக்கரமும் பலகை மேலேயே வந்து நிற்கும், அதற்குப் பின்னும் ஒரு முழத்துக்கு மேல் மிச்சமிருக்கும். மொத்த எடையும் பலகை மேல். பலகை எங்கே நகரும்? வண்டியே தன் நங்கூரம். ஏன் 2 அடி அகலம் என்றால், சைடு ஸ்டாண்டின் பாதமும் பலகைக்குள்ளேயே விழுவதற்காக. பலகை ஒடுங்கலாக இருந்து ஸ்டாண்டு தரையில் பட்டால், வண்டி 18 மி.மீ. உயரத்திலும் ஸ்டாண்டு கீழேயும் இருக்கும். ஏற்றி இறக்கும்போது அந்தக் கூடுதல் சாய்வு ஆளைக் கவிழ்த்துவிடும்.

சாக்கைப் பலகையின் நடுக்கோட்டில் வைத்து 10 மி.மீ. போல்ட்டுகளால் இறுக்குங்கள். மரத்திருகாணி கூடாது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். போல்ட் பலகையின் அடியிலிருந்து மேலே வர வேண்டும். அதன் தலை அடிப்பக்கத்தில் மூழ்கும்படி தச்சரிடம் குழியெடுக்கச் சொல்லுங்கள். மேலே அகலமான வாஷரும் நட்டும். பலகையின் பின்விளிம்பை ரம்பத்தால் சரிவாகச் சீவிவிட்டால் சக்கரம் தடுக்காமல் ஏறும். அடியில் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். வண்டியின் எடை பலகை மேல் முழுதாக வராத அந்த முதல் நொடியில் பலகை வழுக்காமல் இருக்க அது வேண்டும்.

அளவைப் பொருத்துவது

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையையும் இன்னோர் ஆளையும் ஒதுக்குங்கள். முதலில் முன் டயரில் காற்றைச் சரியான அளவுக்கு நிரப்புங்கள். காற்றுக் குறைந்த டயரை வைத்து அளவைப் பொருத்தினால், பிறகு காற்று நிரப்பியதும் சக்கரம் உள்ளே போக மறுக்கும்.

முன்வளையத்தைச் சாக்கோடு வந்த தாளில் உங்கள் ரிம் அளவுக்குச் சொன்ன துளையில் மாட்டி, எஞ்சினை அணைத்த வண்டியை இருவருமாகத் தள்ளி உள்ளே விடுங்கள். தொட்டில் கவிழ்ந்ததும் ஒருவர் வண்டியை லேசாகப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர் முட்டி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். டயர் முன்வளையத்தில் அழுந்தி நிற்கிறதா? தொட்டிலின் பின் உதடு டயரில் முழுதாகப் பதிந்திருக்கிறதா, இல்லை இடையில் விரல் நுழைகிறதா?

விரல் நுழைந்தால் வளையம் முன்னால் தள்ளி இருக்கிறது. ஒரு துளை பின்னால் கொண்டுவாருங்கள். தொட்டில் முழுதாகக் கவிழாமல் நடுவிலேயே நின்றால் வளையம் மிக நெருக்கமாக இருக்கிறது. ஒரு துளை முன்னால் தள்ளுங்கள். என் வண்டிக்குத் தாளில் சொன்ன துளை பொருந்தவில்லை, அடுத்த துளைதான் பொருந்தியது. சரியான துளையில் மாட்டியதும் ஒரு சத்தம் கேட்கும். அதுவரை "கடக், கடக்" என்று இரண்டு முறை தட்டியது, இப்போது "டொக்" என்று ஒரே அடியாக விழும். பிறகு காது பழகிவிடும். சத்தம் மாறினாலே ஏதோ நட்டு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது ஹேண்டில்பாரைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது டயரின் நெகிழ்வு. வண்டி தானாக ஒரு பக்கம் போய்ச் சாய்ந்து நின்றால் மட்டுமே கவலைப்பட வேண்டும். மட்கார்டு, டிஸ்க், ஒயர் மூன்றையும் இன்னொரு முறை பாருங்கள். பிறகு ஒரு வெள்ளை பெயின்ட் பேனாவால் பலகையின் நடுக்கோட்டைப் பின்முனை வரைக்கும் இழுத்துவிடுங்கள். தினமும் வழிகாட்டப் போவது அந்தக் கோடுதான்.

உள்ளே விடுவது

முதல் பத்து நாட்கள் எஞ்சினை நம்பாமல் உந்தி விடுங்கள். வண்டியில் உட்கார்ந்து, இரு கால்களும் தரையில், நியூட்ரலில். செருப்போடு வேண்டாம். ஈர டைல்ஸில் ரப்பர் செருப்பு போட்ட காலை நம்பி இருநூறு கிலோவைப் பிடிக்க முடியாது.

கோட்டுக்கு நேராக நாலடி பின்னாலிருந்து ஆரம்பியுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்க வேண்டும். சக்கரம் கோணலாகப் போனால் ஒரு பக்கம் மட்டும் ஏறி, தொட்டில் திருகிக்கொள்ளும். நடை வேகத்தில் வந்து, உதட்டின் மேல் சக்கரம் ஏறும்போது நின்றுவிடாமல் அதே உந்தலோடு தொடருங்கள். புதியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள். மேடு தட்டியதும் கை தானாக முன் பிரேக்கைப் பிடிக்கும். பிரேக் பிடித்தால் சக்கரம் உருளாது. உருளாவிட்டால் அச்சைத் தாண்டாது. விரல்களை முன் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தாண்டாமல் பின்னால் வந்துவிட்டால் வரட்டும், மீண்டும் நாலடி போய் வாருங்கள். பாதியில் நின்றபடி எக்கித் தள்ளினால்தான் கால் தடுமாறும்.

உந்தல் கைவந்த பிறகு எஞ்சினோடு விடலாம். முதல் கியர், அரைக் கிளட்ச், கால்கள் தரையைத் தடவியபடி. உதட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கத் தோன்றும். முறுக்கக் கூடாது, தொட்டில் கவிழ்ந்த பிறகும் வண்டி முன்னால் போகப் பார்க்கும், வளையத்தின் மேலேயே ஏறிவிடும். அரைக் கிளட்சின் இழுவையே போதும். "டொக்" கேட்டதும் கிளட்சை முழுதாகப் பிடித்து எஞ்சினை அணையுங்கள். கதவை மூடிய கராஜ் என்றால், மூடுவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள், புகை பொல்லாதது.

முதல் கியரிலேயே விட்டுவிட்டுக் கிளட்சை விடுங்கள். கேட்டை நோக்கிய வாட்டத்தில் வண்டி நின்றால் பின்னுக்குப் போகும் ஆசை அதற்கு எப்போதும் இருக்கும். கியர் அதைப் பிடித்துவைக்கும். இறங்குவதற்கு முன் சைடு ஸ்டாண்டைப் போடுங்கள். நிமிர்ந்து நிற்கும் வண்டியில் அதன் பாதம் பலகையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும். பரவாயில்லை, தொங்கட்டும். அது இரண்டாவது காவல். ஒரு முறை ஹேண்டில்பாரை அசைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வெளியே எடுப்பது

சாக்கில் வண்டி சிக்கிக்கொண்டது, வெளியே வரமாட்டேன் என்கிறது என்று எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஒன்றுதான்: முதல் கியரில் இருக்கிறது. நியூட்ரலுக்கு மாற்றுங்கள்.

பக்கத்தில் நின்று இழுப்பதைவிட உட்கார்ந்து உந்துவது நல்லது. பக்கத்தில் நின்று ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின் கைப்பிடியையும் பிடித்து இழுத்தால், தொட்டில் திறந்த நொடியில் வண்டி ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் வரும். அப்போது முன் பிரேக்குக்குக் கை எட்டாது. உட்கார்ந்துகொண்டு, சைடு ஸ்டாண்டை மடக்கிவிட்டு, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, இரு பாதங்களையும் ஊன்றுங்கள். ஹேண்டில்பாரைக் கீழே அழுத்துங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள், அதாவது முன் ஃபோர்க், அமுங்கும். அது மேலே எழும்பும் கணத்தில் கால்களால் பின்னால் உந்துங்கள். ஃபோர்க் எழும்பும்போது முன்சக்கரத்தின் மேலுள்ள பாரம் ஒரு நொடி குறைகிறது. அந்த நொடியில் தொட்டில் எளிதாகத் திறக்கும். ஊஞ்சலை ஆட்டுவது போல, வேளை பார்த்து உந்த வேண்டும். என் மனைவி 50 கிலோ எடைதான். பலத்தால் தோற்றுப்போய், இந்த வேளையைப் பிடித்துக்கொண்ட பிறகு என்னைவிட மெதுவாகவும் சுத்தமாகவும் எடுக்கிறாள்.

திறந்ததும் முன் பிரேக்கில் இரண்டு விரல். சரிவில் வண்டி தானாகவே கேட்டுக்குப் போய்விடப் பார்க்கும்.

பூட்டும் மற்ற சில்லறை விஷயங்களும்

சாக்கில் நிற்கும் சக்கரம் நேராக நிற்கிறது. ஹேண்டில் பூட்டு விழ வேண்டுமென்றால் ஹேண்டில்பாரை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். ஆகவே சாக்கில் இருக்கும் வரை ஹேண்டில் பூட்டு கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பூட்டிய கராஜ் என்றால் கவலையில்லை. திறந்த போர்டிகோ அல்லது அடுக்குமாடிக் கீழ்த்தளம் என்றால் ஒரு சங்கிலியைப் பின்சக்கரத்தின் வழியாகத் தூணில் சுற்றிப் பூட்டுங்கள். டிஸ்க் பூட்டு போடுவதாக இருந்தால் அதையும் பின் டிஸ்க்கில் போடுங்கள். முன்னால் போட்டால் மறந்துபோய் உந்தும்போது காலிப்பரில் இடிக்கும்.

செயினுக்கு எண்ணெய் போடப் பின்சக்கரம் சுழல வேண்டும். சாக் முன்சக்கரத்தைப் பிடித்திருப்பதால், பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டை ஒரே ஆள் பின்னால் மாட்டித் தூக்கிவிடலாம். எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே சாக் போட்ட காசு திரும்பிவிட்டது. எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும்போது மட்டும், தொட்டிலில் முன்சக்கரம் கொஞ்சம் உயர்ந்திருப்பதைக் கணக்கில் வையுங்கள். பின்சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகைத்துண்டு கொடுத்து வண்டியை மட்டமாக்கிய பிறகு பாருங்கள்.

சாக்கில் நிற்கும் வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நிற்காதீர்கள், பிள்ளைகளையும் ஏறவிடாதீர்கள். முன்னும் பின்னும் போகாமல் பிடிக்கும் அளவுக்கு அதனால் பக்கவாட்டுப் பாரத்தைத் தாங்க முடியாது. லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றும்போது சாக் மட்டும் போதாது. நான்கு பக்கமும் பட்டை கட்ட வேண்டும். அது வேறு கலை.

பராமரிப்பு சொற்பம். மாதம் ஒரு முறை தொட்டிலின் அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய், நட்டுகளுக்கு ஸ்பானரால் ஒரு முறுக்கு. கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் பெயின்ட் உரிந்த இடங்களில் அவ்வப்போது தொட்டுப் பூசுங்கள், உப்புக்காற்று வெல்டிங் இடுக்கில்தான் முதலில் கை வைக்கும். ஐப்பசி மழையில் பலகையை ஒரு பக்கம் தூக்கி அடியில் பாருங்கள். எங்கள் வீட்டில் போன மழைக்கு ரப்பர் ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தேரைக் குடும்பம் இருந்தது. அவற்றைச் செம்பருத்திச் செடி மூட்டுக்கு மாற்றிவிட்டு, பலகையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். அந்த இரண்டு நாளும் வண்டி மறுபடி சைடு ஸ்டாண்டில், முகம் வீட்டைப் பார்க்க, முதல் கியரில் நின்றது. மகள் தன் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.